கட்டி போன பிறகும் கிழங்கு இருக்கிறதா?
மார்பகப் புற்றுநோயும் குருத்தணு மரபணுக்களும் – மானாம்பதி குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை



வல்ல அல்லாஹ்வின் அருளால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, வீடுகளில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசப்படும் ஒரு நோய். மார்பகப் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தந்த கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது. அதே ஆண்டில் சுமார் 98 ஆயிரம் பெண்கள் இதனால் இறந்தார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1980-களின் தொடக்கத்தில் நோயாளிகளின் பதிவேடு தொடங்கப்பட்டபோது, சென்னைப் பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. இன்று முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு.

இந்தப் பேச்சைக் குருத்தணு, மரபணு என்று விஞ்ஞானத்தின் பக்கமாகக் கொண்டுபோவதற்குக் காரணம் உண்டு. நமது நலக்குழுவிடம் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளில் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் கேள்வி: "ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிட்டார்களே, அப்புறம் எதற்குக் கீமோ, கரண்ட், வருஷக்கணக்கில் மாத்திரை?" இரண்டாவது கேள்வி இன்னும் மெதுவாகக் கேட்கப்படுகிறது: "இது பரம்பரை நோயா? வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வருமா?"

முதல் கேள்விக்குப் பதில் தெரியாததால் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பயந்து நோயையே மறைக்கிறார்கள். இரண்டுமே உயிர் போகும் விஷயம். இரண்டுக்குமான பதிலில் பெரும்பகுதி, நம் உடம்பின் குருத்தணுக்களும் அவற்றை இயக்கும் மரபணுக்களும் எப்படி வேலை செய்கின்றன என்பதில் இருக்கிறது.

குருத்தணு என்பது என்ன?

வாழையை வெட்டினாலும் நடுவிலிருந்து குருத்து வருகிறது. தன்னையும் காத்துக்கொண்டு, இலை, தண்டு, பூ எல்லாவற்றையும் உண்டாக்கும் சக்தி அதற்கு உண்டு. நம் உடம்பிலும் அப்படிச் சில செல்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள், தமிழில் குருத்தணு. ஒரு குருத்தணு இரண்டாகப் பிரியும்போது, ஒன்று தன்னைப் போலவே குருத்தணுவாக நிற்கும். மற்றொன்று ரத்தமாகவோ தோலாகவோ குடலாகவோ வளர்ந்து, தன் வேலையைச் செய்து, காலம் முடிந்ததும் மடியும். தினமும் தோல் உதிர்ந்து புதுத்தோல் வருவதும், ரத்தம் கொடுத்தவருக்கு மீண்டும் ரத்தம் ஊறுவதும் இவற்றால்தான்.

மார்பகத்திலும் குருத்தணுக்கள் உண்டு. மற்ற உறுப்புகள் பெரும்பாலும் பிறக்கும்போதே உருவாகிவிடுகின்றன. மார்பகமோ பெண் பருவமடைந்த பிறகுதான் வளர்கிறது. கர்ப்ப காலத்தில் பால் சுரப்பிகள் பெருகுகின்றன. பால்குடி மறந்ததும் அவை சுருங்குகின்றன. அடுத்த பிள்ளைக்கு மறுபடியும் பெருகுகின்றன. இவ்வளவு வேலைக்கும் முதல் வைத்திருப்பவை அந்தக் குருத்தணுக்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர விஞ்ஞானிகள், எலியின் மார்பகத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு குருத்தணுவிலிருந்து முழுப் பால் சுரப்பியே வளர முடியும் என்று காட்டினார்கள். படைத்தவனின் ஏற்பாட்டை நினைத்தால் வியப்புத்தான் வருகிறது.

மரபணு என்னும் சுவிட்சு

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுப்புத்தான் இருக்கிறது. கண்ணுக்கும் கல்லீரலுக்கும் வித்தியாசம், எந்த மரபணு வேலை செய்கிறது, எது அணைந்திருக்கிறது என்பதில்தான். வீடு முழுக்க மின்சாரம் இருந்தாலும் எந்த அறையில் எந்த சுவிட்சைப் போட்டிருக்கிறோமோ அதுதானே எரியும்? அதுபோல.

'பிரிந்து பெருகு, ஆனால் முதிர்ந்துவிடாதே' என்று கட்டளையிடும் சுவிட்சுகள் சில உண்டு. அவற்றைத்தான் குருத்தணு மரபணுக்கள் என்கிறோம். சாக்ஸ்-2, ஆக்ட்-4, நானாக், பிஎம்ஐ-1 என்று அவற்றுக்குப் பெயர்கள். செல்லுக்குச் செல் செய்தி கடத்தும் விண்ட், நாட்ச், ஹெட்ஜ்ஹாக் என்ற பாதைகளும் இந்த வேலையில் சேர்ந்தவை. தாயின் வயிற்றில் கரு வளரும்போது இவை மும்முரமாக இயங்குகின்றன. வளர்ந்த பிறகு பெரும்பாலான இடங்களில் அணைக்கப்படுகின்றன, அல்லது கட்டுக்குள் வைக்கப்படுகின்றன.

இந்த சுவிட்சுகளுக்கு எவ்வளவு வலிமை என்பதை ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யாமனாக்கா 2006-இல் காட்டினார். எலியின் சாதாரணத் தோல் செல்லுக்குள் நான்கே நான்கு மரபணுக்களைச் செலுத்தினார். அது கருவில் இருக்கும் குருத்தணு போல மாறிவிட்டது. இதற்காக அவருக்கு 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நான்கில் மூன்று, ஆக்ட்-4, சாக்ஸ்-2, மிக் ஆகியவை, புற்றுநோய் ஆராய்ச்சியிலும் அடிக்கடி அடிபடும் பெயர்கள்.

விண்ட் மரபணுவின் கதையோ மார்பகப் புற்றிலேயே தொடங்குகிறது. 1982-இல் அமெரிக்காவில் ரோல் நூஸ், ஹெரால்டு வார்மஸ் என்ற இருவர், எலிகளுக்கு மார்பகப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்தார்கள். அந்த வைரஸ் ஒரு மரபணுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு அதை ஓயாமல் இயங்க வைப்பதைக் கண்டார்கள். பின்னாளில்தான், ஈயின் இறக்கை முதல் மனிதக் கரு வரை வளர்ச்சிக்கு அவசியமான மரபணுக் குடும்பம் அது என்று தெரிந்தது. வளர்ச்சிக்காகத் தரப்பட்ட ஒன்று, நேரம் தவறி, இடம் தவறி இயங்கினால் கேடாகிறது.

கோரையும் அதன் கிழங்கும்

நம்மில் பலர் நிலத்தில் இறங்கி வேலை செய்பவர்கள். கோரை பிடித்த வயலைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே இருக்கும் புல்லை அறுத்தால் நிலம் சுத்தமாகத் தெரியும். ஒரு தண்ணீர் பாய்ந்ததும் மறுபடியும் முளைக்கும். காரணம், மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு.

புற்றுக்கட்டியும் அப்படித்தான் இருக்கிறது என்று ஒரு பெரும் விஞ்ஞானிக் கூட்டம் சொல்கிறது. கட்டிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான செல்களும் ஒரே மாதிரி அல்ல. அவற்றில் பெரும்பாலானவை புல். ஒரு சிறு பகுதி மட்டும் கிழங்கு. அந்தச் சிறு பகுதியைப் புற்றுக் குருத்தணுக்கள் என்கிறார்கள்.

இதை மார்பகப் புற்றில் முதலில் காட்டியது 2003-இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். அந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் முஹம்மது அல்-ஹாஜ் என்ற விஞ்ஞானியுடையது. மைக்கேல் கிளார்க், மேக்ஸ் விச்சா ஆகியோர் உடன் பணிபுரிந்தவர்கள். நோயாளிகளின் கட்டியிலிருந்து செல்களை எடுத்து, அவற்றின் மேல்புறத்து அடையாளங்களை வைத்து வகை பிரித்து, எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு வகையில் வெறும் 100 செல் போட்டாலே புதிய கட்டி வளர்ந்தது. மற்ற வகையில் பல்லாயிரம் செல்களைப் போட்டும் வளரவில்லை. அந்தப் புதிய கட்டியிலும் புல், கிழங்கு இரண்டும் இருந்தன.

கீமோ மருந்து வேகமாகப் பிரியும் செல்களைத்தான் அதிகம் தாக்கும். தலைமுடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் அதனால்தான். அங்கேயும் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. புற்றுக் குருத்தணுக்களில் பல மெதுவாகப் பிரிபவை, சில காலம் தூங்கிக் கிடப்பவை. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் பம்பு போன்ற புரதங்களும் அவற்றில் அதிகம். 2008-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கீமோவுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் கட்டியைச் சோதித்தார்கள். கட்டி சுருங்கியிருந்தது, ஆனால் மிச்சம் இருந்ததில் இந்தக் கிழங்கு வகைச் செல்களின் விகிதம் கூடியிருந்தது. அதே ஆய்வில், ஹெர்-2 வகைப் புற்று இருந்தவர்களுக்கு அந்த மரபணுவின் வேலையைத் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்தபோது அப்படிக் கூடவில்லை. எந்த வகைக் கட்டி என்று பார்த்து அதற்குரிய மருந்தைக் கொடுப்பது ஏன் முக்கியம் என்பது இதில் விளங்கும்.

அதே 2008-இல் இன்னும் இரண்டு செய்திகள் வந்தன. முரட்டுத்தனமாக வளரும், முதிர்ச்சி குறைந்த மார்பகப் புற்றுகளில், கருவின் குருத்தணுக்களில் இயங்கும் மரபணுக்களே கூட்டமாக விழித்திருப்பதை ஒரு ஆய்வு காட்டியது. செந்துறை மணி என்று நம் தமிழ் மணக்கும் பெயர் கொண்ட விஞ்ஞானி முதல் ஆசிரியராக இருந்த மற்றொரு ஆய்வு, சாதாரணச் செல்லே சில மரபணுக்கள் விழித்தால் இடம்விட்டு இடம் நகரும் தன்மையையும் குருத்தணுத் தன்மையையும் ஒருசேரப் பெறக்கூடும் என்று காட்டியது. அதாவது புல்லே சில நேரம் கிழங்காக மாறலாம். நம் நாட்டில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அன்னபூரணி ரங்கராஜன் அவர்களின் ஆய்வுக்கூடம், கட்டியைவிட்டுப் பிரிந்த மார்பகப் புற்றுச் செல்கள் சாகாமல் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதை ஆராய்ந்து வருகிறது.

அப்படியானால் கிழங்கை மட்டும் குறிபார்த்து அழிக்கும் மருந்து உண்டா? நாட்ச், ஹெட்ஜ்ஹாக் பாதைகளை அடைக்கும் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் குடலிலும் தோலிலும் உள்ள நல்ல குருத்தணுக்களுக்கும் அதே பாதைகள் தேவை. நாட்ச் பாதையை அடைத்தால் கடுமையான வயிற்றுப்போக்கு வருகிறது. ஆகவே மார்பகப் புற்றின் குருத்தணுக்களை மட்டும் ஒழிக்கும் மருந்து இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. கிழங்கு ஒழிய வேண்டுமென்றால், இன்று கையில் இருக்கும் எல்லா ஆயுதத்தையும் வரிசை தவறாமல் பயன்படுத்துவதுதான் வழி.

முதல் கேள்விக்குப் பதில்

இப்போது புரிந்திருக்கும். ஆபரேஷன், கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுக்கிறது. கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு, அந்த இடத்தைச் சுற்றி மிச்சம் இருப்பதைத் தாக்குகிறது. கீமோ, ரத்தத்தின் வழியாக வேறு இடம் போனவற்றைத் தேடுகிறது. ஹார்மோன் சார்ந்த புற்று என்றால், டமாக்ஸிஃபன் போன்ற மாத்திரை, தூங்கிக் கிடக்கும் செல்களுக்குத் தீனி கிடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. அந்த மாத்திரையை 5 ஆண்டு, சிலர் 10 ஆண்டு சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்வது இதனால்தான். ஹார்மோன் சார்ந்த புற்று, சிகிச்சை முடிந்து 10, 15 ஆண்டு கழித்துக்கூடத் திரும்புவது உண்டு.

"கட்டி கரைந்துவிட்டது, முடி கொட்டுகிறது, போதும்" என்று மூன்றாவது கீமோவோடு நிறுத்துவது, புல்லை அறுத்துவிட்டுக் களை எடுத்தாயிற்று என்று வீடு திரும்புவதற்குச் சமம். ரமலான் வந்ததும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அன்புத் தாய்மார்களே, நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. கீமோ நடக்கும் காலத்தில் அந்தச் சலுகையை ஏற்றுக்கொள்வதில் குற்ற உணர்வு வேண்டாம். தினம் ஒரு மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்கள் அதை சஹரிலோ இஃப்தாருக்குப் பிறகோ வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடமும், நோன்பு பற்றி ஆலிம்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டிக்குள் தப்பாக விழித்துக்கொண்ட சாக்ஸ்-2, விண்ட் போன்ற குருத்தணு மரபணுக்கள் நம் எல்லோரிடமும் இருப்பவை. அவை அந்தப் பெண்ணின் மார்பகத்தில், வாழ்நாளில், சில செல்களில் மட்டும் நெறி தவறின. அந்தத் தவறு பிள்ளைக்குப் போவதில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போவதில்லை. பால் குடித்தாலும் தொட்டாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டுவதில்லை. மார்பகப் புற்று வரும் பெண்களில் பெரும்பாலோர் இந்த வகையைச் சேர்ந்தவர்கள்தான்.

நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு மட்டும், பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வந்த ஒரு மரபணுக் கோளாறு காரணமாக இருக்கிறது. அவற்றில் முக்கியமானவை பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2. அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் 1990-இல் முதலாவது மரபணு இருக்கும் இடத்தைச் சுட்டினார். 1994-இல் அது கண்டெடுக்கப்பட்டது. உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்வது இந்த மரபணுவின் வேலை. அத்துடன் மார்பகக் குருத்தணுக்கள் ஒழுங்காக முதிர்வதற்கும் அது தேவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அது பழுதானால், பாதி முதிர்ந்த செல்கள் நெறி தவற வாய்ப்பு கூடுகிறது.

இதில் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, இந்தக் கோளாறு தாய் வழியாக மட்டும் வருவதல்ல. அத்தா வழியாகவும் வரும். ஆகவே "எங்கள் மருமகள் வீட்டு நோய்" என்று ஒரு பக்கத்தைக் குறை சொல்ல இடமில்லை. வீட்டில் விசாரிக்கும்போது பெரியம்மா, சின்னம்மா, நன்னிமாவை மட்டும் கேட்டால் போதாது. அத்தாவின் சகோதரிகளையும் அவருடைய தாயையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டு, பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. வந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதல்ல. வாய்ப்பு அதிகம் என்பதே பொருள். முன்னதாகவே சோதனையில் இருந்தால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

மூன்று, யாரை இந்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இளம் வயதில் மார்பகப் புற்று, ஒரே குடும்பத்தில் பலருக்கு மார்பக அல்லது சினைப்பைப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று, இவையெல்லாம் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய செய்திகள். ஆம், ஆண்களுக்கும் இந்நோய் வரும். மார்பகப் புற்று நோயாளிகள் நூறு பேரில் ஒருவர் அளவுக்கு.

வெளிநாட்டுப் பெண்களின் மரபணுக் கணக்கை வைத்தே நம் பெண்களுக்கும் மருந்து முடிவு செய்யும் நிலை நீண்டகாலம் இருந்தது. இதை மாற்ற, சென்னை ஐஐடி, நம் நாட்டு மார்பகப் புற்று நோயாளிகள் 480 பேரின் திசு மாதிரிகளை ஆராய்ந்து, அந்த மரபணுத் தகவல் தொகுப்பை 2025 பிப்ரவரியில் பொதுவில் வெளியிட்டது. நம் பெண்களுக்குப் பொருந்தும் சோதனையும் மருந்தும் வர இது உதவும், இன்ஷா அல்லாஹ்.

ஆகவே வரன் பற்றிய பயத்துக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நோயை மறைப்பதால் மகளுக்கு நன்மை இல்லை. தாயின் நோய் விவரம் தெரிந்தால்தான் மகளை எந்த வயதிலிருந்து சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்ல முடியும். மறைத்த தாய் தன் உயிரையும் பணயம் வைக்கிறாள், மகளின் பாதுகாப்பையும் பணயம் வைக்கிறாள். பெண் கேட்டுப் போகும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: பெண்ணின் தாய்க்கு மார்பகப் புற்று என்ற ஒரே காரணத்துக்காக நல்ல சம்பந்தத்தை விடுவதற்கு மருத்துவத்திலும் ஆதாரம் இல்லை, மனிதாபிமானத்திலும் இடமில்லை.

ஸ்டெம் செல் பெயரால் ஏமாற வேண்டாம்

ஸ்டெம் செல் என்ற சொல் பரவியதும், "ஸ்டெம் செல் ஊசி போட்டுப் புற்றுநோயைக் குணமாக்குகிறோம்" என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களும் முளைத்திருக்கிறார்கள். ரத்தப் புற்று போன்ற நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. அது உண்மையில் ஸ்டெம் செல் சிகிச்சைதான். மார்பகப் புற்றுக்கு அப்படி ஓர் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் ஊசி கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, அங்கீகாரம் பெறாத ஸ்டெம் செல் பயன்பாடு ஆராய்ச்சி மட்டுமே. ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து யாரிடமும் கொடுப்பதற்கு முன் ஜமாஅத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது

கட்டி சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால், செல்கள் வெளியேறிப் பரவும் வாய்ப்பும் குறைவு. வலி இல்லாத கட்டிதான் அதிகம் கவனிக்க வேண்டியது. வலிக்கவில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி, காம்பு புதிதாக உள்ளிழுத்திருப்பது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், ஆறாத புண், தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போல் குழிவிழுவது, ஒரு பக்கம் மட்டும் அளவு மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றாக இருப்பதில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது சோதனை. நாமோ பக்கத்து வீட்டாரோ அல்ல. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்பதும் தவறான பயம். அந்தச் சோதனை இல்லாமல் எந்த வகைப் புற்று என்றே தெரியாது. வகை தெரியாமல் மருந்தும் கொடுக்க முடியாது.

"மேமோகிராம் எடுக்க வசதி வேண்டுமே" என்பார்கள். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை, ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 ஆண்டுகள் ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் ஒரு பாதிப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்தார்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம், மார்பகப் புற்றால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் முடிவு வெளியானது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை; பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கைதான்.

அந்தச் சோதனை 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். செய்பவர் பெண் செவிலியர். சந்தேகம் இருந்தால் மேல் சோதனைக்கு அனுப்புவார்கள். நமக்கு அருகிலேயே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோயால் 1969-இல் மறைந்த காஞ்சியின் மைந்தர் பெயரால் அதே ஆண்டு தொடங்கப்பட்டது அது. சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தொடங்கி, டாக்டர் சாந்தா அம்மையார் வாழ்நாளெல்லாம் உழைத்து வளர்த்த அடையாறு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆண்டு வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்து வாருங்கள்; காப்பீட்டு அட்டை பெற்றுத் தர நமது அறக்கட்டளை உடன் வரும்.

மார்க்கம் காட்டும் வழி

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த வெட்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் சிகிச்சையின் அவசியத்துக்காக மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பெண் மருத்துவர் இல்லை என்றால், கணவரோ தாயோ உடனிருக்க, ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கும் அவசியத்தின் பேரில் அனுமதி உண்டு.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஓதிப் பார்ப்பதையும் துஆ செய்வதையும் யாரும் விடச் சொல்லவில்லை; ஜம்ஜம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கீமோவும் போட்டுக்கொள்ளலாம். கருஞ்சீரகமோ வேறு மூலிகையோ சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மருந்தோடு சேராமல் போகலாம். ஆனால் ஓதிய தண்ணீரை மட்டும் நம்பி ஆறு மாதம் காத்திருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டுவதுதான் நாம் கற்ற தவக்குல்.

பாலூட்டுவது பற்றியும் ஒரு செய்தி. பிள்ளைக்கு இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டும் காலத்தைத் திருக்குர்ஆன் சூரத்துல் பகராவில் குறிப்பிடுகிறது. 30 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2002-இல் வெளியான ஒரு கணக்கு, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாய்க்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 4 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது என்று காட்டியது. பாலூட்டும்போது மார்பகச் செல்கள் முழுமையாக முதிர்கின்றன என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பாலூட்டிய தாய்க்கு நோய் வரவே வராது என்று எண்ணிச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். பாலூட்ட முடியாமல் போன தாயை யாரும் குத்திப் பேசவும் வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

சகோதரர்களே, இது பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்காதீர்கள். கீமோவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்றால், அன்று வேலைக்கு விடுப்பு எடுத்து உடன் போங்கள். தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அவள் தலைமுடி கொட்டியிருக்கும்போது சொல்லும் ஒரு வார்த்தை, சிகிச்சையைத் தொடரவும் வைக்கும், நிறுத்தவும் வைக்கும். இளம் பெண்களே, உங்கள் தாயிடமும் மாமியாரிடமும் நீங்களாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஜமாஅத்தாரிடம் எங்கள் வேண்டுகோள்: சிகிச்சை பாதியில் நிற்பதற்கு மருந்துச் செலவு மட்டும் காரணமல்ல. பஸ் கட்டணம், உடன் வருபவரின் ஒருநாள் கூலி, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாமை, இவையும் காரணம். ஜகாத் பெறத் தகுதியுள்ள நோயாளிகளுக்கு பைத்துல்மாலிலிருந்தும், மற்றவர்களுக்கு சதக்கா நிதியிலிருந்தும் இந்தச் செலவுகளை ஏற்றுக்கொண்டால், எத்தனையோ தாய்மார்கள் கடைசிக் கீமோ வரை போய்ச் சேருவார்கள். யார் என்ற பெயர் வெளியே வராமல் இந்த உதவியைச் செய்ய நமது நலக்குழுவின் சகோதரிகள் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். 30 வயதைக் கடந்த பெண்கள் யார் யார் என்று எண்ணி, சோதனைக்குப் போகும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்துச் சொந்தத்திலும் யாருக்கு எந்த வயதில் புற்றுநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், அவரிடம் போய்ப் பேசுங்கள். நிறுத்தி எத்தனை மாதமானாலும் மீண்டும் டாக்டரிடம் போகலாம், கதவு மூடிவிடவில்லை.

நோயுற்ற நம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வானாக. அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் வழங்குவானாக. இந்நோயில் மரணித்தவர்களின் மண்ணறையை விசாலமாக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.